வலது மார்பில் ஒரு கருடன்

எனக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். இந்தி வராது, ஆங்கிலம் வராது. இத்தனை வருஷம் இந்த மண்ணில் கிடந்து பொறுக்கிய நாலு அரபி வார்த்தையும் எங்கோ ஓடி ஒளிந்துகொள்ளும். அன்றைக்கு அந்த லாட்வியாக்காரர் முன்னால் நான் கத்தியதும் தமிழில்தான். எங்கள் மேனேஜர் பாய் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். இல்லையென்றால் நான் கத்தியது மொத்தமும் ஏசி காற்றோடு போயிருக்கும்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் யூனிஃபார்ம் தைக்கிற கடையில் எனக்கு வேலை. பதினோரு வருஷமாக எம்பிராய்டரி மெஷின். கம்பெனி லோகோவைக் கம்ப்யூட்டரில் பஞ்சிங் செய்வேன். அதாவது எந்த இடத்தில் ஊசி எத்தனை தடவை குத்த வேண்டும் என்று படத்தைத் தையலாக மாற்றுவேன். மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும். கண்ணாடி துடைக்கிறவனிலிருந்து கப்பல் பட்டறை ஃபோர்மன்வரைக்கும் இந்த ஊரில் எத்தனையோ பேர் நெஞ்சில் என் ஊசி குத்தியிருக்கிறது. இதைப் பெருமையாகச் சொன்னால் ரூமில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேன்பவர் சப்ளை கம்பெனி ஆட்களுக்குத் தைத்தால் இரண்டு பேட்ஜ். நெஞ்சில் வேலை கொடுக்கிற கம்பெனியின் பேட்ஜ், பெரிசாக. கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே, விசா கொடுத்துக் கூட்டிவந்த கம்பெனியின் பேட்ஜ், சின்னதாக. நெஞ்சு ஒருத்தருக்கு, கை ஒருத்தருக்கு. நடுவில் இருக்கிற ஆள் யாருக்குச் சொந்தம் என்று எந்தச் சட்டையிலும் நான் தைத்ததில்லை.

இன்னொரு விதியும் உண்டு. சாம்பிளில் இருப்பது சரக்கில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் வாயால் நாலு விஷயம் சொல்லுவார், ஐந்தாவதை மறந்துவிடுவார். டெலிவரி அன்றைக்கு அந்த ஐந்தாவது எங்கே என்று நம் மேல் விழுவார். அதனால் வாயை நம்பாதே, சாம்பிளைப் பார் என்று பாய் எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த விதிதான் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

லாட்வியாக்காரருக்கு அபுதாபி தாண்டி ருவைஸில் ஓர் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை. வருஷா வருஷம் அந்த ஆலைக்குப் போகிற தீப்பிடிக்காத கவரால் உடுப்பு எல்லாம் அவர் கையெழுத்தில்தான் எங்களிடம் வரும். பாய்க்கு அவர் என்றால் மாப்பிள்ளை மாதிரி. வெயிலில் சிவந்த காதும், ஆறடிக்கு மேல் உயரமுமாக, ஒரு சனிக்கிழமை அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

படத்தில் ஒரு இளவட்டம். பக்கத்தில் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை வைத்த பழைய விமானம். அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான். சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் கம்பளிச் சட்டை என்று லாட்வியாக்காரர் சொன்னார். அந்த ஆள் அவருடைய தாத்தா, போன நூற்றாண்டின் பெரிய யுத்தத்தில் விமானம் ஓட்டியவர். ஊரில் ஒரு சின்ன மண்டபத்தில் அந்தப் பக்கத்து விமானக்காரர்களின் படங்களை வைக்கப்போகிறார்களாம். எண்பது தாண்டிய தன் அப்பாவுக்கு அங்கே இந்தச் சட்டை தொங்குவதைப் பார்க்க ஆசை. அசல் சட்டை என்றைக்கோ போய்விட்டது. ஒரு நகல் வேண்டும்.

சட்டைக் கையில் வருகிற பேட்ஜை ஒரு காகிதத்தில் அவரே வரைந்து காட்டினார். கேடயம் மாதிரி ஒன்று, கரும் சிவப்பு, நடுவில் வெள்ளைக் கோடு, மேலே அவர் நாட்டின் பெயர். நிறம் கொஞ்சமும் மாறக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துபாய் தேரா கடைவீதியில் தேடி அந்த நிறத்துக்கு ஒட்டிய கம்பளித் துணி வாங்கினோம். வெட்டித் தைப்பது எங்கள் கடையில் இன்னொருவர் வேலை. எனக்குக் கையும் நெஞ்சும். கேடயம் ஒரே நாளில் முடிந்தது. அப்புறம் விதிப்படி சாம்பிளைப் பார்த்தேன். படத்தில் வலது மார்பில் என்னவோ ஒன்று மங்கலாகத் தெரிந்தது. நாங்கள் எல்லாம் இடது பக்கம் வைப்போம், இது வலது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கை விரித்த பறவை. காலில் எதையோ பிடித்திருக்கிறது. இன்னும் பெரிதாக்கினேன். குறுக்கும் நெடுக்குமாக, நுனி மடங்கின கோடு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கருடன்! காலில் ஸ்வஸ்திக்!

சிரிக்காதீர்கள். எங்கள் சிவகங்கைச் சீமையில் கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டால் கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஸ்வஸ்திக் என்றால் ஆயுத பூஜைக்கு நான் என் மெஷின் தலையில் குங்குமத்தால் போடுவது. பாய் தொழுகையாளி. ஆனாலும் “ஒன் மெஷினு, ஒன் சாமி” என்று விட்டுவிடுவார். இரண்டும் சேர்ந்து ஒரு வெள்ளைக்காரத் தாத்தா நெஞ்சில் இருந்தால் நான் என்ன நினைப்பேன்? நம்ம சாமி அவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்று மார்பை நிமிர்த்திக்கொண்டேன்.

நாஜிச் சின்னம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் பார்த்ததெல்லாம் சிவப்புக் கொடியில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பாகச் சாய்ந்து நிற்பது. இது பறவையின் காலில் கடுகளவு. அதுவும் மங்கல். அந்த மனிதர் ஜெர்மனி என்ற பேச்சையே எடுக்கவில்லை. என் கண் தனக்குப் பழகியதைப் பார்த்தது. மங்கலாக இருந்த இடத்தை வீட்டு வழக்கப்படி நேராக நிமிர்த்தி, நாலு மூலையிலும் நாலு புள்ளி வைத்து, வெள்ளி நூலில் தைத்துவிட்டேன். கேட்காமல் செய்த உபகாரம். அவர் அசந்துபோவார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன்.

அசந்துதான் போனார். வந்ததும் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார், சிரித்தார். சட்டையைத் திருப்பினார். சிவந்த காது வெளுத்துவிட்டது. “இதை யார் போடச் சொன்னது?” என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

பாய் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “அடப்பாவி! என்னாப்பா பண்ணி வச்சிருக்கே? இது நாஜிக்காரன் பட்டாளத்துச் சின்னம்ப்பா!”

“கருடன் பாய்.”

“கருடனாம்ல கருடன்! என் கடைக்குப் பூட்டுப் போட வச்சிருவே போலிருக்கே!”

லாட்வியாக்காரர் குனிந்து மூக்கு உரசுகிற அளவுக்குப் பார்த்தார். அந்த நாலு புள்ளி என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வீடு, கோயில், நல்லது என்று சொன்னேன். ஒரு தடவை சத்தமாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்று, அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தபடியே சொன்னார். அவருடையது சின்ன நாடு. முதலில் ரஷ்யப் படை வந்தது, ஊர் ஊராக ஆட்களைச் சரக்கு ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பியது. அப்புறம் ஜெர்மன் படை வந்தது. யூதக் குடும்பங்களைக் குழந்தை குட்டியோடு காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். சுட்டவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். அதே ஜெர்மன்காரர்கள் உள்ளூர் இளைஞர்களைத் தங்கள் விமானப்படையில் சேர்த்தார்கள். தாத்தாவுக்குக் கிடைத்தது பழைய பயிற்சி விமானம், மரமும் துணியுமாக ஒட்டியது. இருட்டில் போய் ரஷ்யப் படை மேல் குண்டு போட்டுவிட்டு வரவேண்டும். சட்டை ஜெர்மன்காரனுடையது. நெஞ்சில் அவர்கள் பறவை. கையில் மட்டும் சொந்த நாட்டுக் கேடயம். யுத்தம் முடிந்து ரஷ்யர்களின் கைதி முகாமில் பல வருஷம் இருந்து திரும்பிய தாத்தா, சாகும்வரை அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

நெஞ்சு ஒருத்தருக்கு, கை ஒருத்தருக்கு. கேட்டபோது எனக்கு வேறு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

“கட்டாயப்படுத்திச் சேர்த்தார்கள் என்று வீட்டில் சொல்லுவோம்” என்றார். உண்மையா என்று பாய் கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார்.

அவருக்கு வேண்டியது நெஞ்சு சுத்தமான சட்டை. அவர் நாட்டுச் சட்டப்படி அந்தச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டக் கூடாது. அதைவிட, அப்பா அதைப் பார்க்கக் கூடாது. கேடயம் மட்டும் இருந்தால் போதும், தன் நாட்டுக்காகப் பறந்தவர் என்று இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். தையலைப் பிரித்துவிட்டு, மார்புத் துணியையே புதிதாக மாற்றச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை வருவார்.

பிரித்தேன். கம்பளியில் தைத்ததைப் பிரிப்பது லேசு இல்லை. உள்பக்கமிருந்து பிளேடு நுனியால் ஒவ்வொரு தையலாக அறுத்து, வெளிப்பக்கம் விரலால் நூலைப் பிடுங்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்து சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்கிறவரைக்கும் பிரித்தேன். மேசையில் வெள்ளி நூல் குப்பையாகக் கிடந்தது. சட்டையைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். நூல் இல்லை. ஆனால் ஊசி குத்திய ஓட்டைகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் வெளிச்சம். இரண்டு இறக்கை, ஒரு தலை. காலில் இருந்தது மட்டும் ஓட்டைகள் நெருங்கிக் கிழிந்து என்னவென்று தெரியாமல் போயிருந்தது.

புதுத் துணியை எடுத்து விரித்தேன். சாக்பீஸால் கோடு போட்டேன். கத்தரிக்கோலை வைத்தேன். கை ஓடவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் நான் ராஸ் அல் கைமாவில் கல்குவாரி ஆட்கள் தங்கும் ஒரு கேம்ப்பில் வாட்ச்மேன். சப்ளை கம்பெனி விசா. கையில் அவர்கள் பேட்ஜ், நெஞ்சில் குவாரி பேட்ஜ். ஒரு கோடையில் குடிதண்ணீர்த் தொட்டியில் புழு. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு காலையில் ஆட்கள் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஆபீசிலிருந்து வந்தவர் என்னைக் கேட்டார், முதலில் பேசியது யார் என்று. நான் கை காட்டினேன். மூன்று பேர். அதில் ஒருவன் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். வெள்ளிக்கிழமை மீன் குழம்பு வைத்தால் எனக்கு ஒரு கிண்ணம் நான் நிற்கிற வாசல் கேட்டுக்கு வந்துவிடும். மாப்ள என்றுதான் கூப்பிடுவான்.

இரண்டு நாளில் மூன்று பேரையும் வண்டியில் ஏற்றி ஏர்போர்ட்டுக்கு அனுப்பினார்கள். கேட்டைத் திறந்துவிட்டதும் நான்தான். வண்டி என்னைத் தாண்டும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சில் இருந்த பேட்ஜைப் பார்த்தான்.

என்னைக் கட்டாயப்படுத்தினார்களா? அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லாவிட்டால் என்னையும் அனுப்பியிருப்பார்கள் என்று. அன்றைக்குக் கை காட்டியது அந்தச் சட்டை, நான் இல்லை என்று. வேலை மாறியபோது பிளேடு வாங்கி, அந்த பேட்ஜைப் பிரித்து எறிந்தேன். தையல் தொழிலுக்கு வருவதற்கு முன்னாலேயே நான் செய்த முதல் பிரிப்பு அது. யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரியிடம்கூட.

அடுத்த சனிக்கிழமை வந்தது. மேசையில் சட்டையை விரித்து வைத்திருந்தேன், ஓட்டைகளோடு.

“ஏன் மாத்தலே?” என்றார் பாய்.

“மாத்த மாட்டேன் பாய்.”

“என்னாது?”

“மாத்த மாட்டேன்.”

பாய் வாடிக்கையாளர் பக்கம் ஒரு சிரிப்பைக் காட்டிவிட்டு என்னிடம் பல்லைக் கடித்தார். “ருவைஸ் ஆர்டர் மொத்தமும் இவரு கையிலப்பா. ஒனக்கு ரெண்டு மாசத்துல விசா ரினியூ வருது. நான் கேன்சல்னு ஒரு கையெழுத்துப் போட்டா போதும், தெரியும்ல?”

“போடுங்க. கலாஸ், முடிஞ்சுது. ஊருக்குப் போயி ஆடு மேய்க்கிறேன். இந்த நெஞ்சுக்குப் புதுத் துணி என் கையால வராது.”

லாட்வியாக்காரர் என்ன தகராறு என்று கேட்டார். அப்போதுதான் கத்த ஆரம்பித்தேன். “அந்தாளுகிட்ட சொல்லுங்க பாய், ஒரு வார்த்த விடாம சொல்லுங்க. அவரு தாத்தா நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியாது. ஆனா போட்டாரு. அந்தச் சட்டயப் போட்டாரு. போட்டுக்கிட்டு நின்னு சிரிக்கிறாரு. நெஞ்சத் தொடச்சிட்டுக் கைய மட்டும் மாட்டி வச்சா அது சட்ட இல்ல, பொய்யி.”

பாய் முதலில் இனிப்புத் தடவித்தான் சொன்னார். துணி கிடைக்கவில்லை என்பது மாதிரி ஏதோ. அந்த அளவு ஆங்கிலம் எனக்குப் புரியும். “அதச் சொல்லல நானு!” என்று மேசையைத் தட்டினேன். பாய் ஒரு நிமிஷம் என்னை முறைத்தார். அப்புறம் சொன்னதைச் சொன்னபடி சொன்னார்.

அந்த வேகத்தில் குவாரிக் கதையும் வந்துவிட்டது. தொட்டி, புழு, மூன்று பேர், மீன் குழம்பு, கேட். நான் ஒரு வரி சொல்ல, பாய் ஒரு வரி சொன்னார். பதினோரு வருஷம் என்னைப் பக்கத்தில் வைத்திருந்த மனிதர், ஒவ்வொரு வரியையும் அவரே முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்தவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று பேரைக் கை காட்டினேன் என்ற இடத்தில் நின்றுவிட்டார். “நீயாப்பா?” என்று தமிழில் கேட்டார். “நான்தான். சொல்லுங்க” என்றேன். சொன்னார்.

அந்தக் காட்டில் நடந்ததையும் குவாரி கேட்டில் நடந்ததையும் ஒரே தராசில் வைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. அதையும் சொல்லச் சொன்னேன். “ஆனா சட்டயப் பிரிக்கிற பிளேடு ஒண்ணுதான் சார். நான் பிரிச்சிருக்கேன். ஓட்ட போகாது. நீங்க புதுத் துணி வச்சாலும் ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஒங்க அப்பாவுக்கு மட்டும் தெரியாது. எண்பது வயசு மனுசன ஏன் சார் ஏமாத்தணும்?”

சொல்லி முடித்ததும் வந்தது பயம்தான். ஊரில் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆடு மேய்க்கிறேன் என்று சொல்ல வாய்க்கு எவ்வளவு சுலபம்! ஆனாலும் வாபஸ் வாங்க எனக்கு மனசு வரவில்லை.

லாட்வியாக்காரர் சட்டையை எடுத்தார். கட்டை விரலால் வலது மார்பைத் தடவினார், குருடர் தடவுகிற மாதிரி. வேறு ஆளை வைத்து நாளைக்கே மாற்றித் தருகிறேன் என்று பாய் மெதுவாகச் சொன்னார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“எங்கள் வீட்டில் யாரும் தாத்தாவிடம் கேட்டதே இல்லை” என்றார். “நீங்களாகச் சேர்ந்தீர்களா, கட்டாயமா என்று. பதில் தெரிந்துவிடுமோ என்று எல்லாருக்கும் பயம்.” சட்டையை மடித்து, ஓட்டைகள் மேலே தெரிகிற மாதிரி பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பாய் என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. ருவைஸ் ஆர்டர் போனதா இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஒரு நாள் விசா ரினியூ பேப்பரைக் கொண்டுவந்து என் மெஷின் மேல் போட்டார். “கையெழுத்துப் போடு. ஒன்ன அனுப்பிட்டு இந்தப் பழைய மெஷினோட நானா மல்லுக்கட்டுறது?” என்றார். போகிறபோது திரும்பி, “அந்த மீன் கொழம்பு மாப்ள இப்ப எங்கெ இருக்கான்?” என்று கேட்டார். தெரியாது பாய் என்றேன். “விசாரி” என்றார்.

விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் நம்பர் கிடைக்கவில்லை.

குளிர்காலம் வந்தபோது லாட்வியாக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஜன்னலுக்கு முன்னால் அந்தச் சட்டை தொங்குகிறது. வெளியே பனி. பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு முதியவர், ஒரு விரலை வலது மார்பில் ஓட்டை மேல் வைத்திருக்கிறார். முகம் தெரியவில்லை. கீழே இரண்டே வரி. அப்பா கேட்டார். சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் பெட்டியின் அடியிலிருந்து வாட்ச்மேன் சட்டையை எடுத்தேன். இத்தனை நாள் ஏன் வைத்திருந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். வெளுத்துப்போயிருந்தது. நெஞ்சில், பேட்ஜ் இருந்த சதுரம் மட்டும் பழைய நீலம் மாறாமல், சுற்றிலும் ஓட்டைகளோடு. துவைத்தேன், இஸ்திரி போட்டேன், என் கட்டிலை ஒட்டிய சுவரில் ஆணி அடித்து, நெஞ்சு வெளியே தெரிகிற மாதிரி மாட்டினேன்.

மேல் கட்டிலில் இருக்கிற ராமநாதபுரத்து டிரைவர் டியூட்டி முடிந்து வந்தான். ரூமுக்குப் புதுசு, எதைப் பார்த்தாலும் கேட்பான்.

“யாரு சட்டண்ணே இது?”

“என்னுது” என்றேன்.